இரைச்சலில் சுருங்கும் கடல்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய சில நாட்கள் வட அமெரிக்காவின் வானில் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. கிழக்குக் கரையோரம் கப்பல்களின் நடமாட்டமும் வெகுவாகக் குறைந்துபோயிற்று. அந்த நேரத்தில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்துகொண்டிருந்தன. ஒன்றில், ரைட் திமிங்கலங்களின் குரலை நீருக்கடியில் பதிவுசெய்தார்கள். மற்றொன்றில், அதே திமிங்கலங்களின் கழிவைச் சேகரித்தார்கள். திமிங்கலக் கழிவு நீர்மட்டத்தில் கொஞ்ச நேரம்தான் மிதக்கும். அதற்குள் அள்ளியாக வேண்டும். பிற்காலத்தில், அந்த வாடைக்குப் பழக்கிய நாயைப் படகின் முனையில் நிறுத்தி, அது மூக்கைத் திருப்பும் பக்கமெல்லாம் படகைத் திருப்பித் தேடினார்கள். அத்தனை பாடுபட்டுச் சேர்ப்பதற்குக் காரணம், அதில் உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஹார்மோன்களின் எச்சம் கிடைப்பதுதான். இரு பதிவுகளையும் பின்னர் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அந்தச் சில நாட்களில் நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது தெரியவந்தது. அதாவது ஒலியின் ஆற்றல் கால்பங்காகிவிட்டது. திமிங்கலங்களின் நெருக்கடி ஹார்மோன்களும் அதே நாட்களில் குறைந்திருந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளின் அதே பருவத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை.

2012இல் வெளியான இந்த ஆய்வின் மாதிரிகள் குறைவு, இடமும் ஒன்றுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடலின் ஒரு பகுதியில் கப்பல்களை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க எந்த விஞ்ஞானிக்கும் அனுமதி கிடைக்காது. வரலாறு ஒருமுறை அதைச் செய்து காட்டியது. அது சொல்வது இரண்டு செய்திகள். வெடிச்சத்தமோ போர்க்கப்பல் சோனாரோ இல்லாத ஒரு சாதாரண விரிகுடாவில், கப்பல்களின் அன்றாட உறுமலே அந்த உயிர்களை ஓயாத நெருக்கடியில் வைத்திருந்திருக்கிறது. அந்த உறுமல் அடங்கியதும் நிம்மதி வர ஆண்டுகள் ஆகவில்லை, நாட்களே போதுமானதாக இருந்தன. கடல் இரைச்சலைப் பற்றிய விவாதம் இந்த இரண்டையும் மையமாக வைத்தே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் கண்ணால் பார்க்கும் பொருள். உள்ளே வாழ்பவற்றுக்கு அது காதால் அறியும் உலகம். 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சூரிய வெளிச்சம் மிகச் சொற்பம். 1,000 மீட்டருக்குக் கீழே இருட்டுதான். தெளிந்த நீரிலேயே கண்பார்வை சில பத்து மீட்டர்களில் முடிந்துவிடும். ஒலியோ காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகிறதென்றால் கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது; அதோடு வெகு தூரம் வலுவிழக்காமலும் போகிறது. ஆழ்கடலில் வெப்பநிலையும் நீரழுத்தமும் சேர்ந்து ஒலியின் வேகத்தைக் குறைத்து வைக்கும் ஓர் அடுக்கு உண்டு. அதற்குள் புகுந்த ஒலி மேலேயும் கீழேயும் சிதறாமல் வளைந்து வளைந்து அதற்குள்ளேயே ஓடும். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடித்த வெடிகளின் ஒலி, பூமியின் மறுபுறத்தில் பெர்முடா அருகே இருந்த கருவிகளில் பதிவானது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. இந்த வசதியைத் திமிங்கலங்கள் நமக்கு முன்பே பயன்படுத்திக் கொண்டன. ஃபின் திமிங்கலம் எழுப்பும் 20 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதுக்கு எட்டுவதே அரிது. கப்பல் இன்ஜின்கள் வருவதற்கு முந்தைய அமைதியான கடலில் அந்தக் குரல் பெருங்கடலின் பெரும்பரப்பைக் கடந்திருக்க முடியும் என்று 1971இல் ரோஜர் பெய்னும் டக்ளஸ் வெப்பும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

திமிங்கலங்களைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் பாதிதான் புரியும். மீன்களும் பேசுகின்றன, கேட்கின்றன. மட்டக்களப்பு வாவியில் நிலாக்கால இரவுகளில் துடுப்பை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் ‘பாடும் மீன்’ கேட்கும் பழக்கம் புகழ்பெற்றது. அங்கே பாடுவது எந்த உயிர் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், கேட்ட முறை சரியானது. நீருக்குள் இருக்கும் ஒலி காற்றுக்கு அவ்வளவாக வெளியேறாது, திடப்பொருள் வழியே வரும். நம் வலைகளில் விழும் கத்தாளையும் கூறலும் ஒலியெழுப்பும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏற்றுமதிச் சந்தையில் நல்ல விலை போகும் அவற்றின் நெட்டி, உயிரோடு இருக்கும்போது காற்று நிறைந்த பை. அதையொட்டிய தசைகளை மிக வேகமாக அதிரவைத்து அந்த மீன்கள் இனப்பெருக்கக் காலத்தில் துணையை அழைக்கின்றன. பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் திறந்த கடலில் மிதந்து வளர்ந்து, பிறகு குடியேறப் பாறையைத் தேடிவரும்போது, அங்கிருந்து வரும் சலசலப்பையும் ஒரு வழிகாட்டியாகக் கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், செத்த பவளத் துண்டுகளின் அருகே, நலமான பாறையின் ஒலியை ஒலிபெருக்கியில் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். வெறுமனே விட்ட இடங்களைப்போல இரு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. அதே கடலில் நடந்த இன்னொரு சோதனையில், மோட்டார் படகுச் சத்தம் கேட்கும்போது சிறு மீன்கள் எதிரியைக் கண்டு விலகுவதில் தடுமாறின. வேட்டை மீனிடம் அகப்பட்டவை இரு மடங்குக்கும் மேல். காது என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லாத கணவாய்கூடத் தப்பவில்லை. உடலின் சமநிலையை உணர அதற்குள் இருக்கும் நுண்ணிய பைகளின் மயிரணுக்கள், தாழ்ந்த அதிர்வெண் ஒலியால் சிதைந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள்.

இரைச்சலின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? இன்ஜினைவிடப் பெரிய குற்றவாளி புரொப்பெல்லர். அதன் இதழ் வேகமாகச் சுழலும்போது ஒரு பக்கத்தில் நீரழுத்தம் சட்டென்று வீழ்கிறது. அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் குளிர்ந்த நீரே ஆவியாகிக் குமிழ்விடும். குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் நொறுங்கும். ஒரு நொடியில் எண்ணற்ற குமிழ்கள் இப்படி நொறுங்குவதுதான் கப்பலின் உறுமலில் பெரும்பங்கு. அதே நொறுங்கல் இதழின் உலோகத்தையும் அரித்துக் குழியாக்குகிறது என்பதைக் கப்பல் பராமரிப்பில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். இந்த உறுமல், பெரிய திமிங்கலங்கள் பேசும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்துவிட்டது. கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவு அருகே 1960களில் அமெரிக்கக் கடற்படை எடுத்த ஒலி அளவுகளை, அதே இடத்தில் 2003-04இல் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் வரை கூடியிருந்தது. டெசிபல் என்பது மடங்குகளில் ஏறும் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. (கடலுக்கடியில் அளந்த டெசிபலை நேராக விமான இன்ஜினின் டெசிபலோடு ஒப்பிட்டு எழுதும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. காற்றுக்கும் நீருக்கும் அடிப்படை அளவே வேறு என்பதால் அந்த ஒப்பீடு தவறு. உண்மையே போதுமான அளவு கவலைக்குரியதாக இருக்கையில் மிகைப்படுத்தத் தேவையில்லை.)

இந்த டெசிபல் ஏற்றம் ஓர் உயிருக்கு எப்படி வாழ்க்கைப் பிரச்சினையாகிறது என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். ஒலி எல்லாத் திசையிலும் பரவும்போது, தூரம் இரட்டிப்பானால் அதன் அளவு 6 டெசிபல் குறையும். ஆகவே சுற்றுப்புற இரைச்சல் 6 டெசிபல் கூடினால், ஒரு குரல் கேட்கும் தூரம் பாதியாகிவிடும். தூரம் பாதியானால் பரப்பு கால்பங்கு. இரைச்சல் 12 டெசிபல் கூடினால் பரப்பு பதினாறில் ஒன்று. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவருக்குச் செவி நன்றாகவே இருக்கிறது, ஆனால் அடுத்த நாற்காலிக்காரர் பேசுவது கேட்பதில்லை. திமிங்கலத்துக்கு நேர்வதும் அதுதான். காயமில்லை, ரத்தமில்லை, பிணமும் ஒதுங்குவதில்லை. அழைத்த குரல் போய்ச் சேராமல் போகிறது. துணையும் கன்றும் இரையும் இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. உயிர் நடமாடும் கடலின் பரப்பே அதற்குச் சுருங்கிவிடுகிறது.

பிணம் ஒதுங்கிய நிகழ்வுகள்தான் உலகின் கவனத்தைக் கவர்ந்தன. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் பதினேழு திமிங்கல இனத்து உயிர்கள் கரையொதுங்கின. தங்கள் கப்பல்களின் சோனாரே அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதை அமெரிக்கக் கடற்படையின் கூட்டு அறிக்கையே ஏற்றுக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில், நேட்டோ கடற்படைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது பதினான்கு அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கக்கூடிய இனம் அவற்றில் உண்டு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் முக்குளிப்பவருக்கு வருவதைப் போன்ற வாயுக் குமிழ்கள் அவற்றின் உறுப்புகளில் இருந்தன. சோனார் ஒலியைக் கேட்டு மிரண்டு, வழக்கமான மூழ்கும் ஒழுங்கைக் குலைத்துக்கொண்டதால் இப்படி நேர்ந்தது என்பதே இன்று வலுவாக ஏற்கப்படும் விளக்கம். 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனார் பயிற்சிக்குத் தடைவிதித்தது. அதன்பின் அங்கே அத்தகைய கூட்டு ஒதுங்கல் நிகழவில்லை. ஆனால் கரையொதுங்கும் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் சோனாரைக் கைகாட்டுவதும் சரியல்ல. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் எண்பது அளவில் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது பல ஊகங்கள் பறந்தன. 1973 ஜனவரியிலும் மன்னார் வளைகுடாக் கரையில் அதே இனம் 147 எண்ணிக்கையில் ஒதுங்கியிருக்கிறது. கூட்டமாக வாழும் அந்த இனம், வழிநடத்தும் ஒன்று தவறினால் மொத்தமாகத் தவறும். ஆதாரம் இருக்கும் இடத்தில் அழுத்திச் சொல்லவும், இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்ளவும் தெரிந்தால்தான் இரைச்சலுக்கு எதிரான வாதம் நிற்கும்.

பிணம் ஒதுங்காத பாதிப்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கனடா, அமெரிக்கா எல்லையிலுள்ள சேலிஷ் கடலின் ஓர்காக்களைப் பார்க்க வேண்டும். அங்கே வாழும் தெற்குக் குடும்பத்தில் எஞ்சியிருப்பவை எழுபத்தைந்து அளவில்தான். அவை பெரும்பாலும் சினூக் சால்மன் மீனையே நம்பி வாழ்கின்றன. ஓர்கா முதலில் மெதுவான இடைவெளிகளில் ‘டிக், டிக்’ என்று ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்கும். மீன் இருப்பது தெரிந்ததும் கீழ்நோக்கிப் பாயும். நெருங்க நெருங்க டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரீங்காரமாகிவிடும். இருண்ட ஆழத்தில் மீன் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை அந்த ரீங்காரத்தின் எதிரொலியே சொல்ல வேண்டும். கப்பல் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணோடு நின்றுவிடுவதில்லை. அருகில் வரும்போது ஓர்காவின் டிக் ஒலி இருக்கும் உயரம்வரை எட்டுகிறது. உறிஞ்சுகுவளையால் முதுகில் கருவி ஒட்டி எடுத்த பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, இரைச்சல் கூடக்கூட அவை அதிக நேரம் தேடுவதையும் குறைவாகப் பிடிப்பதையும் காட்டியது. பெண் ஓர்காக்கள் துரத்தலையே கைவிட்டுவிடுவது கூடுதலாக இருந்தது. கன்றை வளர்க்க வேண்டிய தாய்க்கு ஒரு மீன் தவறுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய், எரிவாயு தேடும் நில அதிர்வு ஆய்வு இன்னொரு மூலம். கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள், அழுத்திய காற்றைப் பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை, இரவுபகலாக, வாரக்கணக்கில் வெடிக்கவிடும். மிதவை உயிரிகள் மீதான அதன் பாதிப்பில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை: டாஸ்மேனியா அருகே 1.2 கிலோமீட்டர்வரை சாவு கூடியதாக ஒன்றும், சில மீட்டர்களுக்குள்தான் என்று இன்னொன்றும் சொல்கின்றன. மீன்பிடி மீதான பாதிப்பில் அந்தச் சந்தேகம் குறைவு. 1990களில் பேரண்ட்ஸ் கடலில் நார்வேக்காரர்கள் செய்த சோதனையில், துப்பாக்கிகள் இயங்கத் தொடங்கியதும் இழுவலையில் காட், ஹேடக் மீன்வரத்து ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. ஆய்வு முடிந்து ஐந்து நாளாகியும் பழைய நிலை திரும்பவில்லை. திமிங்கலத்தைக் காப்பவரும் வலைக்காரரும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய அபூர்வமான இடம் இது.

எதிர்வாதங்களில் முதலாவது, கடல் என்றைக்கும் சத்தமாகத்தானே இருந்திருக்கிறது என்பது. உண்மைதான். மழை, அலை, நில அதிர்வு, உடையும் பனிப்பாறை, வெப்பக் கடல்களில் கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் இடைவிடாத வெடிப்பொலி எல்லாம் உண்டு. ஆனால் மழை ஓயும், புயல் கடக்கும். இறாலின் சொடுக்கு உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் பெருந்திமிங்கலத்தின் குரலை மறைக்காது. எந்தெந்த ஒலிப்பகுதி அமைதியாக இருந்ததோ அதைத் தேடிப் பிடித்தே உயிர்கள் பல லட்சம் ஆண்டுகளாகத் தங்கள் குரலை அமைத்துக்கொண்டன. கப்பல்கள் வந்து உட்கார்ந்தது அந்தப் பகுதியில்தான், வந்ததும் மிக அண்மைக் காலத்தில்தான். இரண்டாவது வாதம், உயிர்கள் பழகிக்கொள்ளும் என்பது. ரைட் திமிங்கலங்கள் சில பத்தாண்டுகளில் தங்கள் அழைப்பின் சுருதியை உயர்த்தியிருக்கின்றன. சேலிஷ் கடல் ஓர்காக்கள் சுற்றுப்புற இரைச்சல் ஒரு டெசிபல் கூடினால் தங்கள் குரலையும் ஒரு டெசிபல் கூட்டுகின்றன. இதைப் பழக்கம் என்று சொல்லி நிம்மதி அடைய என்னால் முடியவில்லை. கத்துவதற்கு உடம்பில் சக்தி செலவாகிறது, கத்தும் அளவுக்கு ஒரு வரம்பும் உண்டு. இன்னும் முக்கியமாக, கழிவில் கண்ட ஹார்மோன்கள், பழகிவிட்ட உடம்பு அப்படி இருக்காது என்று சொல்கின்றன.

மூன்றாவது வாதம் கனமானது. உலக வணிகத்தில் அளவின்படி எண்பது விழுக்காட்டுக்கு மேல் கப்பலில்தான் போகிறது. நாம் உண்ணும் பருப்பும் எண்ணெயும் அதில் அடக்கம். அதை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது. யாரும் சொல்லவும் இல்லை. குமிழ்விடும் புரொப்பெல்லரின் சத்தம், எரித்த எண்ணெயில் கப்பலைத் தள்ளாமல் வீணாகிப்போன பங்கு. மேர்ஸ்க் நிறுவனம் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணித் தன் பெரிய கப்பல்கள் சிலவற்றின் முகப்பையும் புரொப்பெல்லரையும் மாற்றியமைத்தது. மாற்றத்துக்குப் பின் அளந்தபோது தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலும் 6 டெசிபலுக்கு மேல் குறைந்திருந்தது. வேகத்தைக் குறைப்பது இன்னும் எளிய வழி. வான்கூவர் துறைமுகம் 2017 முதல் ஹாரோ நீரிணையில் கப்பல்களை மெதுவாகச் செல்லுமாறு கேட்டுவருகிறது. கட்டாயமில்லாத அந்த வேண்டுகோளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றன. முதல் ஆண்டிலேயே ஓர்காக்களின் பகுதியில் இரைச்சல் குறைந்தது அளவீட்டில் தெரிந்தது. கப்பல் மோதுவதும் வலையில் சிக்குவதும் காலநிலை மாற்றமும்தான் பெரிய ஆபத்துகள், இரைச்சல் அப்புறம் என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேகம் குறைந்தால் இரைச்சல், மோதல், புகை மூன்றும் சேர்ந்தே குறைகின்றன. இலங்கையின் தென்முனையில், ஆண்டு முழுக்க நீலத்திமிங்கலம் மேயும் மிரிஸ்ஸ, தெவிநுவர கடலை ஒட்டியே உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே தள்ளிச் செலுத்தத் தொடங்கியது. மற்றவர்கள் பின்பற்றத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை.

தடையாக இருப்பது கட்டாய விதி இல்லாததே. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கடலில் தீங்கு தரும் பொருளைக் கலப்பதோடு, தீங்கு தரும் ஆற்றலைச் செலுத்துவதையும் மாசு என்றே வரையறுக்கிறது. ஒலி ஆற்றல்தான். ஆனாலும் எண்ணெய்க் கசிவுக்கு இருப்பதுபோல் உலகளாவிய கட்டாய வரம்பு எதுவும் கப்பல் ஒலிக்கு இன்றுவரை இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் நீருக்கடி ஒலியைக் குறைக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, 2023இல் திருத்தியது. இரண்டும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை. அதே 2014இல் அதே அமைப்பு, கப்பலுக்கு உள்ளே மாலுமிகளின் காதைக் காக்கும் இரைச்சல் விதிகளைக் கட்டாயமாக்கியது. மாலுமிகளுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு. கப்பலின் தகட்டுக்கு உட்புறம் அளக்கவும் வரம்பு வைக்கவும் முடிந்தவர்களால் வெளிப்புறமும் முடியும். அதற்கு முதல் படி, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு கப்பலும் நீருக்குள் எழுப்பும் ஒலியை அளந்து சான்றிதழில் பதிவதைக் கட்டாயமாக்குவது. ஒரு சரக்குக் கப்பல் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஓடும். இன்று கட்டுமானத் தளத்தில் புரொப்பெல்லர் பொருத்தப்படும் கப்பல், 2050இலும் கடலில் அதே ஒலியோடு போய்க்கொண்டிருக்கும்.